ஞாயிற்றுக்கிழமை கூடிய எஸ்.டி.டி. பூத் சங்கம்

தோழிகளே, இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, நாளை வகுப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன்.

என் அப்பா ஏரல் வட்டார எஸ்.டி.டி. பூத் உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். வரும் ஐந்தாண்டுகளுக்கான திட்டத்தை இன்றாவது முடிவு செய்யாவிட்டால் சங்கத்தையே கலைத்துவிடலாம் என்று வருத்தமாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் கூட்டம் வைத்தது ஞாயிற்றுக்கிழமை. வெளியூர் அழைப்புக்குப் பாதிக் கட்டண நாள். பூத்தில் வரிசை நிற்கும்போது யார் வருவார்கள்? கூட்டம் நடந்த வாசகசாலைக்கு நானும் அப்பாவோடு போயிருந்தேன்; ஆறேழு பேர்தான் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, கடையை விட்டுட்டு எப்படி வந்திய?" என்று அப்பா ஒரு பெரியவரைக் கேட்டார்.

அவர் பைய, "லைன் செத்துக் கெடக்கு வே. வெளிய சொல்ல வேண்டாம்," என்றார். வாடிக்கையாளர்கள் அடுத்த பூத்துக்குப் போய்விடுவார்களே என்ற பயம்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். "இங்கனயும் அதே கததான். வாரவங்ககிட்ட லைன் பிஸின்னு சொல்லுதேன்."

விசாரித்தால், வந்திருந்த எல்லோருக்குமே லைன் இல்லை. எல்லோரும் ஆற்றுக்குத் தென்கரைக்காரர்கள். ஒரே கேபிளின் பழுதை ஆளுக்கு ஆள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள்.

நாளை எல்லோரும் சேர்ந்து தொலைபேசி அலுவலகத்துக்குப் போகிறார்கள். லைன் செத்தால் மறைக்காமல் சங்கத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் திட்டத்தின் முதல் வரி. கலைக்கிற பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவே இல்லை.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வேண்டாம் என்பது இரண்டாவது வரி.

"அப்போ லைன் உள்ளவனும்லா வந்துருவான்," என்றார் அண்ணாச்சி.

உங்கள் ஊர் பூத்தில் இன்று 'லைன் பிஸி' என்று சொன்னார்களா? கீழே எழுதுங்கள். நான் இத்துடன் நிறுத்துகிறேன், வாசகசாலைக்காரர் விளக்கை அணைத்துவிட்டார்.