தானாகக் கறுத்த காலணா

காசைப் பார்க்கிற கண் எனக்குப் பிறவியிலேயே உண்டு. படித்தவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதை நான் கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவேன். இன்று காசிமேட்டில் மூன்று படகு என் பெயரில் ஓடுகிறது. எழுத்தில் எனக்குத் தெரிந்தது கையெழுத்து மட்டும்தான்.

எட்டு வயதில் என்னிடம் ராணி தலை போட்ட செப்புக் காலணா ஒன்று இருந்தது. எத்தனை மீன்காரிகளின் மடியில் புரண்டதோ, நல்ல கருப்பட்டி நிறம். ராணியின் கன்னமும் கிரீடமும் விரல் பட்டுப் பட்டுத் தேன்போல வெளுத்திருக்கும். விரல் நுழையாத எழுத்து இடுக்கெல்லாம் கறுப்பு. வெயிலில் சாய்த்தால் ஓரத்தில் மயில் கழுத்து ஓடும். புதுக் காசு அதன் பக்கத்தில் நேற்றுப் பிறந்த குழந்தை. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.

அந்த வருஷம் என்னை மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இரண்டு ரூபாய் வேண்டியிருந்தது. தவறினால் வலை இழுக்க அனுப்பிவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். துறைமுகத்தில் கரி இறக்கிக்கொண்டிருந்த என் தாய்மாமா, ரயில் பட்டறை வெள்ளைக்காரத் துரை ஒருவர் பழைய காலணாக்களை நல்ல விலைக்கு வாங்குகிறார் என்று கேள்விப்பட்டு, எட்டு ராணிக் காசு தேடிப் பிடித்தார். புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கிக் கொண்டுபோனார். துரை தொட்டும் பார்க்கவில்லை. தானாகக் கறுத்ததுதான் வேண்டுமாம். மாமாவா அசருவார்? எண்ணெய் தடவி, சிம்னி விளக்குப் புகையில் காட்டி, ஒரே நாளில் எட்டுக்கும் ஐம்பது வயது ஏற்றிவிட்டார்.

மறுநாள் பள்ளியில் பெயர் எழுதக் கடைசி நாள். என்னையும் துரையிடம் கூட்டிப்போனார். வழியில், “வாயத் தொறக்காத நைனா, சொம்மா நில்லு” என்றார்.

துரை காசுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சட்டைப் பைக்குள் கை போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

“தொரே, அது பொகை! மூக்கும் கறுப்பு, பள்ளமும் கறுப்பு. கை பட்ட காசு இப்படியா இருக்கும்? இத்தப் பாருங்க!”

துரை ஒரு காசைத் தேய்த்தார். விரலில் கரி ஒட்டியது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். துரை கோபிக்கவில்லை. நான் நீட்டிய என் காலணாவை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு வெள்ளி ரூபாயை எடுத்து எனக்கு நீட்டினார்.

மாமா என் முதுகைத் தொட்டார். “குட்த்துட்றா, கண்ணு. பள்ளிக்கூடத்துக்கு ஆயிடும்.”

“ரூபா ஊர் பூரா கீது மாமா. இது வேற எங்க கீது?”

துரை சிரித்தார். காசை என் கையில் வைத்துவிட்டு ரூபாயைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

ராயபுரம் வரும்வரை மாமா முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பள்ளி வாசலில் நின்று காசைக் கேட்டார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

“ஷோக்காதான்டா கீது” என்றார்.

என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். உள்ளே பிள்ளைகள் எட்டிப் பார்க்க, குஸ்தியில் ஜெயித்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் தோள் குலுங்கியது. என் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிக்கிறார் என்றே நினைத்து, நானும் கூடச் சிரித்துக்கொண்டே வீடு வந்தேன்.