மங்களா அன்ரியின்ர நீல மூடி

ஆக்களைச் சிரிக்க வைக்கிறது என்ர தொழில். சிரிக்காத ஆக்களுக்கு முன்னால நிண்டு வேர்க்கிறது அதில பாதி. மேடையேறி மானம் போன என்ர கூட்டாளிமாரே, உங்களுக்குச் சொல்லித்தான் தெரியவேணுமோ!

லண்டன் பகிடி

பிறந்தது லண்டன். அங்க எழுதி நடிச்சுப் பேரெடுத்த திமிரோடதான் சிட்னிக்கு வந்தனான். முதல் நிகழ்ச்சியில அதே பழைய பகிடியள்: மழை, குளிர், ஓடாத ஹீட்டர். வெளியில வெயில் கொளுத்துது, உள்ளுக்க ஒருத்தரும் அசையேல்லை. முடிய ஒரு அங்கிள் வந்து என்ர கையைப் பிடிச்சார். "கேக்க மனசு உருகிப் போச்சு, பிள்ளை. உண்டியல் எங்க வைச்சிருக்கிறியள்?"

இடியப்பமும் கண்ணீரும்

அழுதழுது ஹோம்புஷில இருக்கிற என்ர ஃபிளாட்டுக்கு வர, எதிர்வீட்டு மங்களா அன்ரி கதவைத் திறந்தா. இந்த ஊரில எனக்கெண்டு இருக்கிற ஒரே ஆள். காய்ச்சல் எண்டால் ரசம், கவலை எண்டால் இடியப்பம், எல்லாம் பழைய ஐஸ்கிரீம் பெட்டியில வரும். பெட்டியைத் திருப்பிக் குடுக்க மறந்தாலும் மன்னிப்பா, மூடியை மறந்தால் விடமாட்டா. அண்டைக்கும் பெட்டியைக் கையில தந்து போட்டுக் கேட்டா: "அழுகை கிடக்கட்டும். போன கிழமை கொண்டு போன நீல மூடி எங்க?"

முதல் வரிசை

எனக்குச் சிரிப்பு அடக்க முடியேல்லை. அடுத்த நாளே 'மூடி அன்ரி' எண்டு ஒரு நாடகம் எழுதி நானே நடிச்சன். சனம் கதிரையில இருந்து விழாத குறை! அன்ரிக்கு மட்டும் இதைப்பற்றி நான் மூச்சு விடேல்லை.

ரெண்டாம் நாள் திரை விலகினால், முதல் வரிசையில மங்களா அன்ரி! கடையில வாங்கின புது மூடியளைக் கையில வைச்சுக்கொண்டு நான் அவவின்ர நடையில நடக்கிறன், அவவின்ர குரலில கத்துறன். மண்டபமே சிரிக்குது, அவ மட்டும் சிரிக்கேல்லை. ஐயோ கடவுளே, கைதட்டு ஆருக்கு வேணும்? அன்ரி கோவிச்சுக் கொண்டு போனால் எனக்கு ஆர் இருக்கினம்?

முடிய, ஒரு பையோட மேடைக்குப் பின்னால வந்தா. "அன்ரி, கோவமோ?" எண்டன். என்னை மேலும் கீழும் பார்த்தா.

"நடை சரி, குரலும் சரி. ஆனா ஆரடி மேடைக்குப் புது மூடி கொண்டு போறது?" எண்டு பையைக் கவிட்டா. கறை பிடிச்சது, வளைஞ்சது, எல்லாம் அவவின்ர சொந்த மூடி. நான் கட்டிப்பிடிச்சு அழ, காதுக்குள்ள சொன்னா: "பன்னிரண்டு கிடக்கு. பன்னிரண்டும் திரும்பி வரவேணும்."

நாடகம் இப்ப மெல்பேர்ண் வரைக்கும் போய்க் கைதட்டு வாங்கியிட்டுது, ஆனா அங்க விட்டிட்டு வந்த ஒரு மூடிக்கு நான் இண்டைக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்.