வண்டிக்குப் பின்னால் ஓடிய பஞ்சு

டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், நான் தூளிலிருந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்த காலம். சல்லடை ஓடினால் தூளிலிருந்து பழுப்புப் பஞ்சு கிளம்பி இமையெல்லாம் அப்பிக்கொள்ளும். அது எங்களுக்குப் பழக்கம். ஆனால் அடுத்த அறையில், பெட்டியில் போடக் காத்திருக்கும் தேயிலைமேல் அது விழக்கூடாது. விழுந்தது. கொழும்பிலிருந்து புகார்க் கடிதம் வந்துவிட்டது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஜன்னல்களையெல்லாம் அடைத்தார். எங்களைத் தலையில் துணி கட்டச் சொன்னார், சேலையை உதறிவிட்டு வரச் சொன்னார். பஞ்சு குறையவில்லை. பெண்கள்தான் காரணம் என்று தினமும் ஏச்சு. எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஒரு காலை மழை விட்டு, கண்ணாடி வழியே வெயில் இறங்கியது. வெளிச்சத்தில் பஞ்சு சோம்பலாக மிதந்தது. என் சிநேகிதி தேயிலை வண்டியைத் தள்ளிக்கொண்டு பெட்டி அறைக்குள் போனாள். மிதந்த பஞ்சு அத்தனையும் சட்டென்று திரும்பி, அவள் பின்னாலேயே கதவைத் தாண்டி ஓடியது! காம்புத் தட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

டீமேக்கரிடம் போய், "ஐயா, பஞ்ச எங்க சேலை கொண்டு போகலீங்க. வண்டிதான் இழுத்துக்கிட்டுப் போவுது," என்றேன்.

அவர் சிரித்தார். மெஷின் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை ஊதுபத்தி கொளுத்திக் காட்டுகிறேன் என்று நான் விடவில்லை. நெருப்புக்குப் பயந்து, இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் சம்மதித்தார்.

வாசலில் புகை நூல்போல நேராக ஏறியது. சிநேகிதி வேகமாக வண்டியைத் தள்ளினாள். புகை வளைந்து, வண்டியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பெட்டி அறை நடுவரை போயிற்று. மெதுவாகத் தள்ளச் சொன்னேன். புகை வாசலோடு தயங்கி நின்றது. கதவை வீசித் திறந்தாலும் அதே கூத்து. டீமேக்கர் எட்டு முறை தள்ளச் சொன்னார். கடைசி இரண்டு முறை அவரே தள்ளினார்.

மறுவாரம் தச்சர் பெட்டி அறைச் சுவரில் ஓட்டை வெட்டிப் பலகை மூடி வைத்தார். வண்டி வெளியிலேயே நின்றது; தேயிலை மட்டும் ஓட்டை வழியாக உள்ளே போனது. கதவருகே ஆட்களை மெதுவாக நடக்க வைப்பது என் பொறுப்பு. மூன்றாம் நாள் தோட்டத்து மேனேஜர் துரை பூட்ஸ் சத்தத்தோடு விறுவிறுவென்று வந்தார். நான் கையை நீட்டி, "மெதுவா வாங்க தொரை," என்றேன்.

டீமேக்கர் முகம் வெளுத்தது. துரை என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு பூனைபோல் அடியெடுத்து வைத்து உள்ளே போனார்.