அருவிக்குத் தனியாகப் போனவள்

லீவு கிடைத்தால் பஸ் ஏறிவிடுவது என் வழக்கம். கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறையில் இருந்தேன். தியாகதுருகம் மலைக்கோட்டைக்கு ஏறியிருக்கிறேன். கோமுகி அணைக் கரையில் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதிகம் போனது கல்வராயன் மலைக்குத்தான். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது காது அடைக்கும், காற்றின் வாசனை மாறும். அதற்காகவே போவேன்.

"ஒரு பொம்பள தனியா மலையில இன்னா பண்ணுவ?" என்று அண்ணி கேட்பாள்.

"சும்மா பாத்துக்கினு இருப்பேன் அண்ணி."

அவளுக்கு அது ஒரு பதிலாகவே படாது.

அந்த முறை போனது ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஒரு அருவிப் பக்கம் இறங்கினேன். வாரநாள் என்பதால் கூட்டமில்லை. மேலே ஒரு பெரிய மரத்தடியில் சில பேர் கல்லைக் கூட்டி, கறி சமைக்க அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் தள்ளிப் பாறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியிருப்பார். மடித்த ரெயின்கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ போற பஸ்ஸு எப்போங்க?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க, நான் வண்டியில வந்தேன்" என்றார்.

அவ்வளவுதான் பேசினோம்.

விறகு ஈரம். புகை கனத்து மரத்துக்குள் ஏறியது. அங்கே மலைத்தேனீ கூடு கட்டியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. அருவிச் சத்தத்துக்கு மேல் திடீரென்று வேறொரு இரைச்சல் கேட்டது. சமைத்தவர்கள் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். நானும் ஓடினேன், பாசியில் வழுக்கி விழுந்தேன். முடிக்குள், கழுத்தில், காது மடலில் கொட்டின. கத்த வாயைத் திறந்தால் உதட்டிலும் கொட்டியது. யாரோ என் தோளை அழுத்தினார்கள்.

"எழுந்துக்காதீங்க. மூஞ்ச மூடிக்கோங்க."

மேலே ரெயின்கோட் விழுந்தது. அது ஒரு ஆளுக்கே போதாது. காற்றில் தூக்கிக்கொள்ளாமல் இருக்க அவர் வெளியே குத்துக்காலிட்டு, இரண்டு கையாலும் ஓரத்தை அமுக்கிப் பிடித்திருந்தார். உள்ளே இருந்து எனக்கு அவருடைய விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. "நீங்களும் உள்ள வாங்க" என்று கத்தினேன். அவர் விரல்களை எடுக்கவில்லை.

இரைச்சல் அடங்கி நான் வெளியே வந்தபோது அவர் ஒருக்களித்துச் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணிமைகள் வீங்கி மூடியிருந்தன. மூச்சு விசில் மாதிரி இழுத்தது. ஓடியவர்களில் இருவர் திரும்பி வந்து, ரோட்டில் வந்த காய்கறி வண்டியை மறித்தார்கள். பின்னால் ஏற்றினோம். அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். "ஆம்புலன்ஸு கீழருந்து கெளம்பிடுச்சாம், வந்துக்கினு இருக்கு" என்று டிரைவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது எதிரே வந்து நின்றபோது மூச்சு நின்றுபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்குக் குளுகோஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"நீங்க அவருக்கு இன்னா வேணும்மா?"

"யாருமில்ல சார்."

"ஒண்ணா வந்தீங்களா?"

"இல்ல சார், நான் பஸ்ஸுல வந்தேன்."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை. செத்துப்போனவர் சின்னசேலத்தில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், மலைக்குப் போனதே மனைவிக்குத் தெரியாது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் புரிந்தது.

காரியம் முடிந்து, என் முகத்தில் வீக்கமும் வடிந்த பிறகு, நைனார்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வேண்டாம் என்றார் அண்ணன். அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்பதை அவர் மனைவி என் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவள் என்னைவிடச் சின்னவள். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"கோட்ட உன் மேல போத்திட்டு அவரு வெளிய குந்திக்கினு இருந்தாரா?"

"ஆமாங்க."

"முன்ன பின்ன தெரியாதவளுக்கு?"

"ஆமாங்க."

"இன்னா சொன்னாரு உன்கிட்ட?"

"எழுந்துக்காதீங்க, மூஞ்ச மூடிக்கோங்கன்னாரு."

"வாங்க போங்கன்னா பேசுனாரு?"

தலையாட்டினேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. அந்த ஒரு ‘ங்க’வை அவள் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அதற்குள் கதவோரம் நின்றிருந்த அவள் மாமியார், "இன்னா சொல்லணும்னு யோசிச்சு வெச்சுக்கினு வந்திருக்கா" என்றாள். மனைவியின் முகம் மறுபடி இறுகிவிட்டது.

"வேலைன்னு சொல்லிட்டு எதுக்கு மலைக்கு வந்தாரு? அத மட்டும் சொல்லு."

"எனக்குத் தெரியாதுங்க. தண்ணியப் பாத்துக்கினு இருந்தாரு. சும்மா பாக்க வந்திருப்பாரு."

"சும்மா பாக்கவா?" என்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எத்தினி வருஷமா கேட்டிருப்பேன். என்னைய ஒரு நாள் கூட்டிக்கினு போனதில்லையே அந்த மலைக்கு."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

பேச்சு எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. லேபில் என்னோடு வேலை செய்தவளே, "நெசமாவே தெரியாதா அக்கா அவர?" என்று கேட்டாள். அண்ணி கேட்கவில்லை. என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

மாசி வாக்கில் மறுபடி ஒருமுறை மலைக்குப் போனேன். அருவியில் நூலளவுதான் தண்ணீர். அந்தப் பாறையருகே நின்று அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனேன், ஒன்றும் வரவில்லை. ரோட்டோர டீக்கடைக்கார அம்மா என்னை உற்றுப் பார்த்து, "தேனீ கொட்டி செத்தாரே, அவரு கூட வந்தவதானே நீ?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. டீ வாங்காமலே போய் பஸ்ஸுக்கு நின்றேன்.