அம்மா என்னிடம் சொன்னாள்

வளர்மதி, செல்வி, தம்பி குமரேசா... மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் அம்மா நோயை யாரிடமும் சொல்லாமல் மறைத்தே செத்தாள் என்று நினைக்கிறீர்கள். அது பொய். அவள் சொன்னாள். என்னிடம் சொன்னாள். வாயை மூடச் சொன்னவன் நான்.

எட்டாவதோடு நின்ற படிப்பு எனக்கு. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்க வேண்டாம்.

அந்த ஆடி மாதம் நினைவிருக்கிறதா? நம் தெருவில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் பானையை, மாதவிலக்கு முற்றிலும் நின்றுபோன பெண்தான் தொடவேண்டும். அந்த வருடம் உங்கள் அம்மாவைச் சொன்னார்கள். அவளுக்கு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. "நின்னதுக்கு முட்டி வலிதான் மிச்சம்னு இருந்தேன், கூழ்ப் பானையும் கெடச்சிட்ச்சே" என்று அவள் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கும் பெருமைதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தேன்!

காப்புக் கட்டிய மறுநாள் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். வரப்பில் வந்து நின்றாள்.

"இன்னாங்க... நின்னு போனது திரும்ப வந்துட்ச்சிங்க."

அவள் முகத்தைப் பார்த்தேனா? இல்லை. மடையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"காப்பு கட்டியாச்சி. இப்ப போயி சொன்னா ஊர்ல மூஞ்சி காட்ட முடியுமா? வாய மூடிக்கினு கிண்டு."

கிண்டினாள். தெருவே குடித்தது. நீங்களும் வந்து குடித்தீர்கள். அவள் மட்டும் குடிக்கவில்லை.

இரத்தம் நிற்கவில்லை. வரும், சில நாள் ஓயும், மறுபடி வரும். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஒருமுறை கேட்டாள். எப்போதிலிருந்து என்று அங்கே கேட்பார்கள்... அவள் சொல்வாள்... தீட்டோடு கூழ் காய்ச்சியது எப்படியும் தெருவுக்குத் தெரிந்துவிடும்... இப்படித்தான் என் புத்தி ஓடியது. அவளிடம் சொன்னதோ வேறு. பானையைத் தொட்டதால் அம்மனுக்குக் கோபம், மஞ்சள் துணியில் காசு முடிந்து வை, தணிந்துவிடும் என்றேன். தொடச் சொன்னவன் நான். கோபம் மட்டும் அவள்மேல்!

அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் என் பழைய வேட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. பச்சைக் கரை போட்ட வேட்டியும் காணவில்லை. அவள் எதற்குக் கிழிக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? வேட்டி எங்கே என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே!

அடுத்த ஆடி வருவதற்குள் இடுப்பு வலியில் அவளால் குனிய முடியவில்லை. அப்போதுதான் நீங்கள் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனீர்கள். கர்ப்பப்பையில் புற்று, வெளியிலும் பரவிவிட்டது என்றார் டாக்டரம்மா. இவ்வளவு நாளாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கூச்சமா இருந்திச்சிம்மா" என்றாள்.

"இன்னாம்மா நீ, இப்டியா வாயில்லாம இருப்ப" என்று நீ அழுதாய், வளர்மதி. குமரேசா, நீ கோபத்தில் வெளியே போய்விட்டாய். நான்... மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன். நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தேன்.

சாவு வீட்டிலும் அதையே சொல்லி அழுதார்கள், சொல்லாமலே போய்விட்டாயே என்று. நானும் தலையாட்டினேன். எனக்காக அவள் ஏற்றுக்கொண்ட பழியை, சுடுகாடு வரைக்கும் அவளையே சுமக்க விட்டேன்.

டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னதை இப்போதாவது கேளுங்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்டவேண்டும். எல்லாமே புற்றாக இராது. புற்றாகவே இருந்தாலும், ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் பிழைக்க வைக்கலாமாம். வளர்மதி, செல்வி... நாள் தவறி இரத்தம் கண்டாலும், கணவனோடு இருந்தபின் கண்டாலும், வெள்ளைப்பாடு நாற்றமடித்தாலும் போய்க் காட்டுங்கள். ஒன்றும் இல்லாதபோதும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். யாரிடமும் உத்தரவு கேட்காதீர்கள். குமரேசா, உன் மனைவி வரப்பில் வந்து நின்றால் மடையைப் பார்க்காதே.

மன்னிப்பா? அதை யாரிடம் கேட்கவேண்டுமோ, அவள் இப்போது இல்லை. இருந்திருந்தால் மன்னித்திருப்பாள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

காரியம் முடிந்து நீங்கள் ஊருக்குப் போன மறுநாள், மோட்டார் கொட்டகையின் பின்புறம் கூரை ஓலையில் ஒரு மூட்டை செருகியிருந்தது. அவிழ்த்தேன். என் வேட்டிகள்... துண்டு துண்டாக. பச்சைக் கரையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. இந்தத் துணிகளை அவள் எப்போதும் ஒரு புடவைக்கு அடியில் மறைத்துத்தான் உலர்த்துவாள், ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று.

மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டியருகே குந்திக் கசக்கினேன். தண்ணீர் தெளிந்தது. கறை போகவில்லை. வீட்டு வாசலில், தெருவைப் பார்த்த கொடியில், ஒவ்வொன்றாக விரித்துப் போட்டேன்.

பொழுது சாயும்வரை எடுக்கவில்லை.