குங்குமம் வைத்த இசைத்தட்டு

தேவகி அக்கா இறந்த செய்தியை அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார். நான் அரக்கோணம் போகும் பேருந்தில் இருந்தேன். "அக்கா காலைல போய்ட்டாங்க மேடம், மாரடைப்பு" என்றவர், நான் வாய் திறப்பதற்குள், "அந்த ரெக்கார்டுங்க ரூம் முழுக்கக் கீது. வேணும்ன்றவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க" என்றார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும்போது நானே எடுத்துக்கொள்கிறேன், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்றேன். "ஆங்" என்றார்.

திருத்தணியில் பலருக்கு அக்கா ஒரு பைத்தியம். கூட்டுறவு வங்கியில் எனக்குப் பக்கத்து மேசை, திருமணம் செய்துகொள்ளாதவர். விடுமுறை நாளென்றால் பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கிளம்பிவிடுவார். காயலான் கடைகளில் குத்தவைத்து உட்கார்ந்து மூட்டைகளைக் கிளறுவார். ஆடிக் கிருத்திகைக்கு மலையில் ஒலிபெருக்கி கட்டிய பழைய ஆட்களையெல்லாம் வீடு தேடிப் போய் விசாரிப்பார். எங்கும் கிடைக்காத தட்டுகள் அவரிடம் சேர்ந்தன; வெளியூர்க்காரர்கள் விலைக்குக் கேட்டு வந்தார்கள். அவர் தேடியது ஒன்றே ஒன்றைத்தான்.

அவருடைய அம்மா ஒரே ஒருமுறை, சென்னையில் ஒரு சிறிய கம்பெனி போட்ட முருகன் பாட்டுத் தட்டில் பின்பாட்டுப் பாடியிருந்தார். பாடகரின் பெயருக்குக் கீழே 'குழுவினர்' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். குடும்பத்துப் பெண் ரெக்கார்டில் பாடலாமா என்று உறவினர்கள் பேச, அப்பா வீட்டில் இருந்த தட்டை உடைத்துப் போட்டார். தம்பி கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மாவும் இறந்துபோனார். "ஒடைக்கறப்போ நைனா அழுதுகினேதான் ஒடச்சாரு. அதான் எனக்கு இன்னும் கோவம்" என்று அக்கா ஒருமுறை சொன்னார்.

கடைசியில் அது பொதட்டூர்பேட்டையில், ஒரு மைக் செட்காரர் வீட்டுப் பரணில் கிடைத்தது. நானும் உடன் போயிருந்தேன். கீழே தறி ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பெரியவர் சத்தமாகப் பேசினார்: "கல்யாணமோ காதுகுத்தோ, மொதல் பாட்டு இதான்மா. ஆயுத பூஜைக்கு மொதல் பொட்டும் இதுக்குத்தான்." உறைக்கு அல்ல, தட்டுக்கே சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்திருந்தார், வருடம் தவறாமல். அது ஊசி ஓடும் வரிப்பள்ளங்களுக்குள் இறங்கிக் கல்லாகியிருந்தது. அக்கா கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான், "பக்தி இவ்ளோ ஆவாதும்மா" என்றார்.

அதன்பின் மாலைகளில் அந்தக் குங்குமத்தைத் துடைத்தெடுப்பதே வேலை. சோப்புத் தண்ணீர், பழைய மல் துணி. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஊசியை வைத்தார். பாடகர் ஒரு வரி முடித்ததும் பெண் குரல்கள் எழுந்தன. "கடசீல ஒரு கொரலு லேட்டா வருது பாரு, அதான் அம்மா. அரிசி களையறப்போ பாடினாலும் அப்டித்தான். எப்பவும் ஒரு மூச்சு பின்னாடி." அந்த ஒரு வரிதான். அடுத்த வரியில் ஊசி குதித்துவிட்டது. கைபேசியில் பதிவு செய்துகொள்ளலாமே என்றேன். முழுப்பாட்டும் குதிக்காமல் ஓடட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றார்.

தம்பியையும் வரவழைத்துக் கேட்கவைத்தார். அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார். "மொகமே தெரியாது எனக்கு. கொரல வெச்சிகினு இன்னா பண்றது?" என்றார். அக்கா ஊசியை எடுத்து மறுபடியும் முதலில் வைத்தார். குங்குமம் முழுதும் போகும் முன்பே அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் போனேன். மாலை போட்ட படத்தின் முன்னால் கறுப்பாக ஒரு கிண்ணம், விளிம்பெல்லாம் தாமரை இதழ் போல வளைந்து, நிறையச் சாமந்தி. நான் கொண்டுபோன பூவையும் அதில் வைக்கக் குனிந்தேன். விளிம்பில் குங்குமக் கறை இருந்தது. பூக்களை விலக்கினேன். அடியில், தட்டின் நடுவே ஒட்டும் மயில் படம் போட்ட வட்டக் காகிதம். பாடகர் பெயருக்குக் கீழே 'குழுவினர்'.

கல்லூரியில் படிக்கும் தம்பி மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "வெந்நீர்ல போட்டா வளையுது ஆன்ட்டி, போன்ல பார்த்தேன். அத்தைக்கு ரெக்கார்டுன்னா உயிராச்சே. இது ஒண்ணுலதான் பொட்டு இருந்துச்சு, சாமிக்கு வெச்சதுன்னு இத எட்த்தேன். நல்லா கீதா?"

நல்லா இருக்கும்மா என்றேன். அவளைத் தவிர அந்த வீட்டில் அக்காவுக்காக எதையும் செய்தவர்கள் யாருமில்லை.

தம்பி என்னை அறைக்கு அழைத்துப்போய் அலமாரியைத் திறந்து காட்டினார். மற்ற தட்டுகள் எல்லாம் வரிசை கலையாமல் இருந்தன. "வேற ஒண்ணும் தொடல மேடம். நீங்க சொன்னீங்களே" என்றார்.

திரும்பி வந்தபோது, பூவுக்குத் தெளித்த தண்ணீர் கிண்ணத்தின் நடுத்துளை வழியாகக் கசிந்து படத்தின் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் துடைத்தாள். மறுபடி ஓடியது. மறுபடி துடைத்தாள்.

போய் வாருங்கள் அக்கா. இங்கே இனி அந்தக் குரல் தாமதமாகக்கூட வராது.