ஜாமீன் அண்ணனும் அக்கா வீட்டுக் கதவும்

அவர் ஒரு தச்சர். கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். சிறையில் கற்றுக்கொண்ட தொழில். விடுதலையாகி வரும் குடும்பஸ்தர்களுக்குப் பட்டறையில் வேலை கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போய், கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவார். எப்போதும் யாருக்காவது பொறுப்பேற்றுக்கொண்டே இருப்பதால் ஜாமீன் அண்ணன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் வெளியே வந்த வருடமே அவருடைய மனைவி பிரிந்து போய்விட்டார். யாராவது கேட்டால், "அவ ஒரு சந்தேகப் பிறவி" என்று பேச்சை முடித்துவிடுவார்.

என் அக்காவின் கணவரை வீட்டுக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். மாமா உள்ளே போனது கம்பெனிச் சரக்கைத் திருடி விற்றதற்காக. போலீஸ் வந்த பிறகுதான் அக்காவுக்கே விஷயம் தெரியும். அதனால் அவள் யாரையும் நம்பத் தயாராக இல்லை.

"திருடனுக்குத் திருடன் ஜாமீனா?" என்று முதல் நாளே முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"நான் திருடன் இல்லம்மா. அடிதடி. அது வேற செக்‌ஷன்."

அக்கா சிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தபோது அக்கா உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நான் ரூம்ல போன் பேசினா இவரு வெளிய வந்து நிக்கிறாரு. சத்தமே இல்லாம. எத்தனை தடவை பிடிச்சுட்டேன்! கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு. என்னை வேவு பாக்கிற ஆளோட எப்படிக் குடும்பம் நடத்தறது? இன்னிக்குப் பதில் வரலன்னா பெட்டியைக் கட்டிட்டு உங்க பட்டறையிலயே படுத்துக்கட்டும்."

ஜாமீன் அண்ணன் மாமாவைப் பார்த்தார். "என்னப்பா, ஒட்டுக் கேட்டியா?"

"இல்லண்ணே."

"அப்புறம் அங்க என்ன வேலை? கதவுக்குப் பாலிஷ் போட்டியா?"

மாமா தரையைப் பார்த்தார். எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. தப்பு செய்யாதவர் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்?

ஜாமீன் அண்ணன் பெருமூச்சு விட்டார். "சரி, தொண்டை காயுது. கொஞ்சம் தண்ணி கொண்டா."

மாமா எழுந்து போனார். தண்ணீர் வரவே இல்லை. அக்கா எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். பின்னாலேயே நானும்.

சமையலறைக் கதவு காற்றில் சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளினால் திறந்துவிடும். மாமா அதற்கு முன்னால் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தார். உள்ளே யாரும் இல்லை. ஒட்டுக் கேட்க அங்கே பேச்சும் இல்லை.

"ஏன் நிக்கிறீங்க?"

"திறப்பாங்கன்னு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். தான் சொன்னது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது.

பின்னால் வந்த ஜாமீன் அண்ணனின் முகம் மாறிவிட்டது. "உள்ள இருக்கிறப்போ கதவை நாங்க தொட முடியாதும்மா. யாராவது வந்து திறக்கிற வரைக்கும் நிக்கணும்." கதவைத் தொட்டுப் பார்த்தார். "நானும் இப்படி நின்னிருப்பேன் போல. என் பொண்டாட்டியும் இதையேதான் சொன்னா. நான் கேக்கல."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு நாடகம் போடலையே?"

"இவனுக்கு நடிக்க வந்திருந்தா போலீஸ்ல ஏம்மா மாட்டியிருக்கப் போறான்?"

அக்காவின் உதடு லேசாக அசைந்தது. உடனே இறுக்கிக்கொண்டாள்.

"இந்தக் கதவைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க. ரூம் கதவு இருக்கட்டும். அங்க தட்டணும். தட்டாம நின்னா வேவுதான், சொல்லிட்டேன்."

மாமா கதவைப் பிடித்துக்கொள்ள, ஜாமீன் அண்ணன் திருகாணிகளைக் கழற்றினார்.

சாயங்காலம் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். போனைக் காதில் வைத்து, "ஆமா... அப்படியா?" என்றாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. கதவின் அடியில் ஒரு நிழல் வந்து நின்றது. அக்கா பேசுவதை நிறுத்தவில்லை. கண் மட்டும் நிழல் மேலேயே இருந்தது.

வெகுநேரம் நின்ற பிறகு நிழல் அசைந்தது. கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

"யாரு?" என்றாள் அக்கா, தெரிந்தும்.